ரிப்பிள்ஹெட் கல்லு ரயில் பாலம்: நம்மாளுங்க அடிக்கடி கேக்கற கேள்விகளும் பதில்களும்

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கத்துல இருந்து லீட்ஸ், மான்செஸ்டர்னு படிக்கப் போன புள்ளைங்க எல்லாம் லீவு நாள்ல இந்தப் பாலத்துக்குப் போயி போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பறாங்க, இங்க இருக்கற சொந்தக்காரங்க, சிவில் படிக்கற பசங்க, ரயில் கிறுக்கு புடிச்சவங்கன்னு எல்லாரும் அதப் பாத்துட்டு ஒரே மாதிரி கேள்விதான் கேக்கறாங்க. அதனால எல்லாத்துக்கும் ஒரே எடத்துல பதில் எழுதி வெச்சிடறேன்.

ஏனுங்க, இது எங்க இருக்குது?

இங்கிலாந்துல வடக்கு யார்க்‌ஷயர்ல. செட்டில்ங்கற ஊர்ல இருந்து கார்லைல் வரைக்கும் போற 116 கிலோமீட்டர் ரயில் பாதையில வருது. சுத்தி வெர்ன்சைடு, இங்கிள்பரோ, பென்-ஒய்-கென்ட்னு மூணு மலை, நடுவுல மரமே இல்லாத மொட்டைப் பொட்டல், அதுக்குக் குறுக்க 24 ஆர்ச்சோட இந்தப் பாலம் நிக்குது. பக்கத்துல பெரிய ஊருன்னு ஒண்ணும் இல்லீங்க.

கீழ ஆறே இல்லையே, அப்பறம் எதுக்குப் பாலம்?

இதத்தான் மொதல்ல எல்லாரும் கேப்பாங்க. கீழ ஒரு சின்ன ஓடை இருக்குது, ஆனா பாலம் அதுக்காக இல்ல. பள்ளத்தாக்க அந்தப்பக்கம் தாண்டணும், ட்ராக் ஏத்தம் ஒரு அளவுக்கு மேல போகக்கூடாது, அப்படின்னா ஒண்ணு மண்ணக் கொட்டி கரை போடணும், இல்லாட்டி தூண் நட்டு மேலயே போயிடணும். அந்த எடம் முழுக்க சதுப்பு நிலம், மேல பூராவும் ஊறிப்போன கரி மண்ணு. அதுமேல நூறடி உசரத்துக்கு கரை போட்டா மண்ணு உள்ள எறங்கிட்டே இருக்கும். அதனால கெட்டியான தரை கெடைக்கற வரைக்கும், சுமார் 25 அடி ஆழத்துக்கு கடக்கால் தோண்டி, தூண் எழுப்பிட்டாங்க.

அவ்வளோ சிரமமான எடத்துல எதுக்கு லைன் போட்டாங்க? வேற வழியே இல்லையா?

வழி இருந்துச்சுங்க, ஆனா அது எதிராளியோட வழி. மிட்லண்ட் ரயில்வேங்கற கம்பெனிக்கு ஸ்காட்லாந்து வரைக்கும் வண்டி விடணும்னு ஆசை. ஆனா இங்கிள்டன் தாண்டி மேல போகணும்னா போட்டிக் கம்பெனியான லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயோட ட்ராக்லதான் போகணும். அவங்க இவங்க ஆளுங்களுக்கு சரியா வண்டி குடுக்காம இழுத்தடிச்சாங்க. வெறுத்துப்போயி மிட்லண்ட் சொந்தமாவே ஒரு லைன் போட்டுக்கறோம்னு 1866ல பார்லிமெண்ட்ல சட்டம் வாங்கிட்டாங்க. அதுக்கப்பறம் ரெண்டு கம்பெனிக்கும் சமாதானம் ஆயிடுச்சு, சரி இந்த ப்ராஜெக்ட்டே வேண்டாம், கைவிட்டுடறோம்னு 1869ல மறுபடி பார்லிமெண்ட்டுக்குப் போனாங்க. மத்த கம்பெனிங்க எதிர்த்ததால பார்லிமெண்ட் விடல. அதாவது இன்னிக்கு உலகமே வந்து பாக்கற இந்தப் பாலம், கட்டறவங்களே வேண்டாம்னு சொன்ன பாலம்ங்க.

சர்வே எடுக்க வந்தவரு டாஸ்மேனியாவுல இருந்து வந்த சார்லண்டுங்கற சின்ன வயசு இன்ஜினியர். கார்லைல்ல இருந்து செட்டில் வரைக்கும் பத்தே நாள்ல நடந்து லைன் குறிச்சிருக்காரு. இந்தப் பக்கத்துல ஒரு சத்திரத்துல தங்கியிருக்கறப்போ பனி கொட்டி மூணு வாரம் வெளிய வர முடியாம மாட்டிக்கிட்டாருன்னு சொல்லுவாங்க. ஒடம்பு சரியில்லாம இளவயசுலயே தவறிட்டாரு, பாவம். அவரு குறிச்சுக் குடுத்த லைன்ல வண்டி ஓடறதப் பாக்கக்கூட அவருக்குக் குடுத்து வெக்கல.

அளவெல்லாம் சொல்லுங்க.

நீளம் சுமார் 400 மீட்டர். அதிகபட்ச உசரம் 104 அடி, அதாவது 32 மீட்டர். ஒவ்வொரு ஆர்ச்சும் 45 அடி அகலம். பாலம் நேரா இல்ல, லேசா வளைஞ்சிருக்கும், அதனாலதான் போட்டோல அவ்வளோ அழகா தெரியுது. வடக்குப் பக்கம் தெக்குப் பக்கத்தவிட 13 அடி ஒசத்தி. கணக்குப் போட்டுப் பாருங்க, 1320 அடி நீளத்துக்கு 13 அடி ஏத்தம்னா நூறு அடிக்கு ஒரு அடி. அந்த லைன் முழுக்க அதுக்கு மேல ஏத்தம் வெக்கறதில்லன்னு முடிவு பண்ணித்தான் கட்டுனாங்க, ஏன்னா ராத்திரி பகலா எக்ஸ்பிரஸ் வேகமா ஓடணும். நம்ம மேட்டுப்பாளையம் குன்னூர் பாதையில பன்னெண்டு அடிக்கு ஒரு அடி ஏறுது, அதுக்குத்தான் இன்ஜினோட பல்சக்கரம் மாட்டி ஏற நடுவுல பல்சட்டம் வெச்சிருக்குது.

இன்னொண்ணு, அந்த லைன்லயே உசரமான பாலம் இது இல்ல. ஸ்மார்டேல் பாலம் 131 அடி. ஆனா நீளத்துல ரிப்பிள்ஹெட்தான் பெருசு.

எப்ப கட்டுனாங்க, யாரு கட்டுனாங்க?

1870 அக்டோபர் 12ம் தேதி மொதக் கல்லு வெச்சாங்க, 1874ல கல்லு வேலை முடிஞ்சுது. 1875 ஆகஸ்டுல சரக்கு வண்டி, 1876 மே 1ல பயணிகள் வண்டி. லைனுக்கு மொத்தமா பொறுப்பா இருந்த இன்ஜினியர் ஜான் சிட்னி கிராஸ்லி. அந்தக் காலத்துலயே மொத்த லைனுக்கும் சுமார் 36 லட்சம் பவுண்டு ஆச்சு, மொதல்ல போட்ட எஸ்டிமேட் 22 லட்சம்தான்.

நம்ம ஊர்க் கணக்குல சொல்லணும்னா, போத்தனூர்ல இருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873ல லைன் தொறந்தப்போ அங்க இந்தப் பாலம் பாதி எழும்பி நின்னுட்டிருந்துச்சு.

ஆனா கிராஸ்லி பேரு மட்டும் சொல்லிட்டு விட்டுடறது எனக்கு மனசு ஒப்பறதில்லீங்க. சுமார் 2300 பேர் அங்க வேலை பாத்திருக்காங்க, பொண்டாட்டி புள்ளைங்களோட அந்த ஈரக் காட்டுலயே மரக்குடிசை போட்டு வாழ்ந்திருக்காங்க. குடிசை இருந்த எடத்துக்கெல்லாம் அவங்களே பேரு வெச்சிக்கிட்டாங்க, கிரிமியா சண்டை ஞாபகத்துல செபாஸ்டபோல், பைபிள்ல இருந்து ஜெரிக்கோ, லண்டன் பணக்காரப் பகுதி பேர்ல பெல்கிரேவியா. பாலத்து வேலையில மட்டும் நூறு பேர் கிட்ட செத்திருக்காங்க. கல்லு விழுந்தும் சாரத்துல இருந்து தவறி விழுந்தும் போனவங்க பாதின்னா, 1871ல வந்த பெரியம்மையில போனவங்க இன்னொரு பக்கம். பக்கத்துல சேப்பல்-லெ-டேல்ங்கற ஊரு சர்ச்சுல 200 பேருக்கு மேல பொதச்சிருக்காங்க, அதுல கொழந்தைங்களும் இருக்குது. சர்ச்சுக்குள்ள ஒரு நினைவுக்கல்லு இருக்குது, அதுல ஆளுங்க பேரு இல்ல. பாலத்தப் பாக்கப் போற புள்ளைங்க அங்கயும் ஒருதடவ போயிட்டு வாங்கன்னு கேட்டுக்கறேன்.

கல்லு மேல கல்லு வெச்சு வளைச்சு கட்டுனா கீழ விழாம எப்படி நிக்குது?

நம்ம தோட்டத்துல பழைய கல்லுக் கட்டுக் கெணறு பாத்திருப்பீங்க. பல எடத்துல கலவையே இருக்காது, வெறும் கல்லுதான், சுத்தி இருக்கற மண்ணு உள்ள தள்ளத் தள்ள கல்லு ஒண்ண ஒண்ணு நெருக்கிக்கிட்டு இன்னும் இறுகி நிக்கும். அதே வட்டத்தப் பாதியா வெட்டி நிமித்தி வெச்சா ஆர்ச். மண்ணு தள்ளறதுக்குப் பதிலா மேல இருக்கற எடை தள்ளுது, அவ்வளோதான் வித்தியாசம்.

கல்லுக்கு அமுக்கறது தாங்கும், இழுக்கறது தாங்காது. ஒரு கல்லுப் பலகைய ரெண்டு தூணுக்கு நடுவுல கெடத்துனா அதோட அடிப்பக்கம் இழுபடும், கொஞ்சம் நீளம் ஜாஸ்தியானா ஒடிஞ்சிடும். நம்ம கோயில் மண்டபத்துல தூணு நெருக்கமா இருக்கறதுக்குக் காரணம் அதுதான். ஆர்ச்சுல இழுக்கற வேலையே கெடையாது, எடை பூராவும் வளைவு வழியா அமுக்கமாவே எறங்கி தூணுக்குப் போயிடும். ராபர்ட் ஹூக்னு ஒருத்தரு 1675லயே இதச் சொல்லிட்டாரு, ஒரு சங்கிலிய ரெண்டு முனையப் புடிச்சுத் தொங்க விட்டா என்ன வளைவு வருதோ அதத் தலைகீழா திருப்பினா அதுதான் நிக்கற வளைவுன்னு. அந்தத் தலைகீழ் கோடு ஆர்ச்சோட தடிமனுக்குள்ளயே அடங்கியிருக்கற வரைக்கும் பாலம் நிக்கும். இது புரிஞ்சுட்டா பாதி சிவில் புரிஞ்ச மாதிரிங்க.

கட்டும்போது மட்டும் மரத்துல சென்ட்ரிங் அடிச்சு தாங்கணும். ரெண்டு பக்கமும் சமமா ஏத்திட்டு வந்து உச்சியில கடைசியா நடுக்கல்லு இறுக்குன பொறவுதான் சென்ட்ரிங்க எறக்குவாங்க.

சில தூணு மட்டும் தடியா இருக்குதே, கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதா?

நெசமாவே தடிதான். இந்தப் பாலத்துல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயமே இது. ஆர்ச் கீழ மட்டும் அமுக்காது, பக்கவாட்டுலயும் தள்ளும். பக்கத்து ஆர்ச் எதிர்ப்பக்கம் தள்றதால ரெண்டும் சரியாப் போகுது, அதனால நடுத்தூணு ஒல்லியா இருந்தாலும் போதும், அடியில 13 அடி இருக்கற தூணு மேல போகப்போக ஆறடி கிட்ட ஒடுங்கிடும். ஆனா ஒரு ஆர்ச் விழுந்துட்டா? பக்கத்து ஆர்ச்சுக்கு எதிர்த்தள்ளு இல்லாமப் போயி அந்தத் தூணு சாயும், அதோட அதுவும் விழும், அப்படியே 24 ஆர்ச்சும் வரிசையா போயிடும். அதுக்காக ஒவ்வொரு ஆறாவது தூணையும் சுமார் ஒன்றரை மடங்கு தடியா கட்டியிருக்காங்க. அது தனியா நின்னாலும் ஒரு பக்கத் தள்ளைத் தாங்கும், போனா ஆறு ஆர்ச்சோட நின்னுடும். கட்டும்போதும் இது ஒதவுச்சு, ஆறு ஆர்ச்ச முடிச்சுட்டு அந்தத் தடித்தூண நம்பி சென்ட்ரிங்கக் கழட்டி அடுத்த ஆறுக்குக் கொண்டுபோயிடலாம்.

150 வருஷமா ஒரு ஆர்ச் கூட விழல. விழவே விழாதுன்னு நெனைக்காம விழுந்தா என்ன பண்றதுன்னு யோசிச்சு வெச்சிருக்காங்க பாருங்க, இன்னிக்கு டிசைன் பண்றவங்களும் இதக் கத்துக்கணும்.

முழுக்க கல்லுதானா?

வெளிய தெரியறது, தூணு எல்லாம் அந்தப் பக்கத்து சுண்ணாம்புக்கல்லு, சில கல்லு ஒண்ணே எட்டு டன். ஆனா ஆர்ச்சோட வளையம் செங்கல்லு, அடியில நின்னு அண்ணாந்து பாத்தா தெரியும். 15 லட்சம் செங்கல், அங்கயே சூளை போட்டு சுட்டாங்க. வளைவுக்கு ஒவ்வொரு கல்லையும் ஆப்பு மாதிரி செதுக்கணும்னா ஆளும் நாளும் பத்தாது, செங்கல்லுன்னா அடுக்கடுக்கா சீக்கிரம் வளைச்சுட்டுப் போயிடலாம். தூணுக்குள்ள முழுக்க செதுக்குன கல்லு இல்ல, வெளிச்சுவரு மட்டும் ஒழுங்கான கல்லு, உள்ள ஒடைகல்லும் கலவையும் போட்டு நெரப்பியிருக்குது. ஆர்ச்சுக்கு மேல ரெண்டு பக்கச் சுவருக்கு நடுவுலயும் அதே மாதிரி ஒடைகல்லு, அதுமேல ஜல்லி, அதுமேல ட்ராக். இந்த உள்நெரப்பலுதான் பின்னாடி தலவலியா வந்துச்சு, கீழ சொல்றேன்.

அப்ப சிமெண்டே இல்லையா? சுண்ணாம்பு இத்தனை வருஷம் தாங்குமா?

தண்ணியில கூட இறுகற ஒரு வகைச் சுண்ணாம்புக் கலவை போட்டிருக்காங்க. நம்மூர்ல கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்ச தண்ணி ஊத்தி அரைச்ச சுண்ணாம்புல கட்டுன சுவரு இன்னும் நிக்கறத நாம பாக்கறோம், மதுக்கரையிலயும் சங்ககிரியிலயும் சுண்ணாம்புக்கல்லு எடுக்கற ஊர்க்காரங்களுக்கு இதச் சொல்லித் தர வேண்டியதில்ல. சுண்ணாம்பு சிமெண்ட் மாதிரி வெறைப்பா இருக்காது. பாலம் வெயில்ல விரியும், குளிர்ல சுருங்கும், வண்டி போறப்ப அசையும், அந்த அசைவுக்குக் கலவை கொஞ்சம் எடம் குடுக்கும். சுவத்துக்குள்ள போன ஈரமும் அது வழியா வெளிய வந்துடும்.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். பழைய சுண்ணாம்புக் கட்டடத்துக்கு பாதுகாப்புன்னு நெனச்சு மேல சிமெண்ட் பூசறது நம்ம பக்கத்துல ரொம்ப நடக்குது, கோயில் மதில், பழைய வீடு, கெணறு எல்லாத்துக்கும். சிமெண்ட் ஈரத்த உள்ளயே அடைச்சுடும், கல்லும் சுண்ணாம்பும் உள்ள இருந்தே பொரிஞ்சு உதிரும். பழசுக்கு பாயிண்டிங் (கல்லு இடுக்குல கலவை அடைக்கறது) பண்ணணும்னா சுண்ணாம்புலயே பண்ணுங்க, தெரிஞ்ச கொத்தனாரத் தேடிப் புடிச்சாவது பண்ணுங்க.

அங்க காத்து பயங்கரமா அடிக்கும்ங்கறாங்களே?

ஆடிக் காத்துல பல்லடம், உடுமலை ரோட்டுல பைக் ஓட்டுனவங்களுக்குக் கொஞ்சம் புரியும். 1964ல பாலத்து மேல போன சரக்கு ரயில்ல ஏத்தியிருந்த புதுக் காருங்களக் காத்து கீழ தள்ளிடுச்சு. பாலத்துக்கு ஒண்ணும் ஆகல. அத்தனை எடை இருக்கற கல்லுப் பாலத்தக் காத்து ஒண்ணும் பண்ண முடியாது.

அப்படி கெட்டியா இருந்தா 1980கள்ல எதுக்கு மூடப் பாத்தாங்க?

தண்ணிங்க. கல்லுப் பாலத்துக்கு எமன் எடையும் இல்ல காத்தும் இல்ல, தண்ணிதான். அங்க நம்ம கோயமுத்தூரப்போல ரெண்டு மடங்குக்கும் மேல மழை. ஜல்லி வழியா எறங்குன மழைத்தண்ணி உள்நெரப்பலுக்குள்ள போச்சு, வடியறதுக்கு வழி சரியில்ல, சுண்ணாம்பக் கரைச்சுது, குளிர்காலத்துல ஐஸா உறைஞ்சு விரிஞ்சு பக்கச் சுவரத் தள்ளுச்சு, ஆர்ச்சுல இருந்து செங்கல்லு உதிர ஆரம்பிச்சுது. நூறு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா நடந்தது.

அப்ப லைன நடத்துன அரசாங்கக் கம்பெனி பிரிட்டிஷ் ரயில், ரிப்பேருக்குப் பல மில்லியன் பவுண்டு ஆகும், லைன்ல கூட்டமும் இல்ல, மூடிடலாம்னு 1983ல அறிவிப்புக் குடுத்துட்டாங்க. 1985ல பாலத்து மேல ரெட்டை ட்ராக்க ஒத்தை ட்ராக் ஆக்கி லோடு நடுவுல விழற மாதிரி மாத்துனாங்க. ஆனா மூடப்போறோம்னு சொன்னதும் ஜனங்க கடைசியா ஒருதடவ பாத்துடலாம்னு கெளம்பி வந்தாங்க, மூடற வேலையப் பாக்கப் போட்ட மேனேஜரே டிக்கெட் விலையக் கொறச்சு விளம்பரம் பண்ணாரு, 1986ல மூடிக் கெடந்த ஸ்டேஷனுங்களத் தொறந்தாங்க. 1983ல வருஷத்துக்கு 93,000 பேர் போன லைன்ல 1989ல நாலரை லட்சம் பேர் போனாங்க. மூடக்கூடாதுன்னு சுமார் 22,000 ஆட்சேபணை வந்துச்சு, அதுல ஒண்ணு ரஸ்வார்ப்னு ஒரு நாயோடது! அதுவும் டிக்கெட் எடுத்துப் போற பயணிதானேன்னு அதோட கால் ரேகைய ஒத்துக்கிட்டாங்க. கார்ஸ்டேல் ஸ்டேஷன்ல அந்த நாய்க்கு இப்ப வெண்கலச் சிலை இருக்குது.

இதுக்கு நடுவுல சோதனைக்குக் கொஞ்சம் ரிப்பேர் பண்ணிப் பாத்தாங்க, பயந்த அளவுக்குச் செலவு இல்லன்னு தெரிஞ்சுது. 1989 ஏப்ரல் 11ம் தேதி மந்திரி மைக்கேல் போர்ட்டில்லோ மூடறதுக்கு அனுமதி இல்லன்னு அறிவிச்சாரு. அதுக்கப்பறம் மேல இருக்கற ட்ராக்கையும் ஜல்லியையும் எடுத்துட்டு தண்ணி எறங்காத மாதிரி விரிப்புப் போட்டு, வடிகால சரி பண்ணி, உதிர்ந்த செங்கல்ல மாத்துனாங்க. முக்கியமான வைத்தியம் அந்தத் தண்ணி மறிக்கற விரிப்புதான்.

இப்ப வண்டி ஓடுதா?

தெனமும் ஓடுது, பயணிகள் வண்டி, சரக்கு வண்டி, அப்பப்ப நீராவி வண்டியும். பாலத்து மேல ஒத்தை லைன்தான், வேகம் மணிக்கு 30 மைலுக்கு மேல கெடையாது. 2020 கடைசியில இருந்து மறுபடி சுமார் 21 லட்சம் பவுண்டு செலவுல கல்லு மாத்தறது, பாயிண்டிங், வடிகால் வேலை எல்லாம் பண்ணாங்க.

நம்ம ஊட்டி ரயில்ல ஏன் இப்படி ஒரு கல்லுப் பாலம் இல்ல?

அது மீட்டர் கேஜ், 46 கிலோமீட்டர்ல 208 வளைவு, 250 பாலம், 16 குகை. மலைய ஒட்டியே வளைஞ்சு வளைஞ்சு ஏறிடறதால ஒரு பெரிய பள்ளத்தாக்க ஒரே தாவுல தாண்ட வேண்டிய தேவை கம்மி. குன்னூர் வரைக்கும் 1899ல தொறந்த லைன் அது, அதுக்குள்ள இரும்பு கர்டர் சாதாரணமா கெடைக்க ஆரம்பிச்சிடுச்சு, கல்லுத் தூணு கட்டி மேல கர்டர் வெக்கறது சீக்கிரம் முடியற வேலை. ஆனா கல்லாறு தாண்டி அந்தத் தூணுங்களப் பாருங்க, கல்லு வேலை எந்த ஊருக்கும் கொறஞ்சது இல்ல. மழைக்காலத்துல மண் சரிஞ்சு லைன் நிக்கறதப் பாத்தா அங்கயும் சண்டை தண்ணியோடதான்னு புரியும்.

விசா எடுத்து அவ்வளோ தூரம் போக முடியாதுங்க, பக்கத்துல இது மாதிரி எதாச்சும்?

செங்கோட்டை கொல்லம் லைன்ல, தென்மலைக்குப் பக்கத்துல பதிமூணு கண்ணறைப் பாலம் இருக்குது. 13 ஆர்ச், கருங்கல்லு, ரோட்டுக்குப் பக்கத்துலயே. 1904ல மீட்டர் கேஜா தொறந்த லைன், அகலப்பாதை ஆக்கி 2018ல மறுபடி வண்டி விட்டாங்க, பழைய பாலத்த இடிக்காம பலப்படுத்தி அது மேலயே ஓட்டறாங்க. குற்றாலம் போறவங்க இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனாப் போதும்.

ரிப்பிள்ஹெட்டுக்கே போறவங்க எப்படிப் பாக்கறது?

லீட்ஸ்ல இருந்து கார்லைல் வண்டி புடிச்சு ரிப்பிள்ஹெட் ஸ்டேஷன்ல எறங்கிடுங்க. வண்டிக்குள்ள உக்காந்துட்டுப் போனா பாலம் உங்களுக்குக் கீழ இருக்கும், ஒண்ணும் தெரியாது. ஸ்டேஷன்ல இருந்து நடந்தே பாலத்துக்கு அடியில போயிடலாம், குடிசைங்க இருந்த எடமும் அந்த வழியிலதான், புல்லு மூடுன மேடு பள்ளமா தெரியும். தடித்தூணுங்க எதுன்னு எண்ணிப் பாருங்க, ஆர்ச்சோட அடிப்பக்கம் செங்கல்லப் பாருங்க, மழை பெஞ்சு விட்ட பொறவு போனா எங்கெங்க ஈரம் கசிஞ்சு வெள்ளையா சுண்ணாம்பு வடிஞ்சிருக்குதுன்னும் பாருங்க. ஸ்வெட்டர் பத்தாது, காத்து தாங்கற மழைக் கோட்டு எடுத்துட்டுப் போங்க, திரும்பி வர்ற வண்டிக்கு டைம் முன்னாடியே பாத்து வெச்சுக்கோங்க, ஒண்ண விட்டா அடுத்தது வர ரொம்ப நேரம் ஆகும்.